பேச்சுரிமையும் தனியார் மேடையும்

ஊர் என்று ஒன்று இருந்தால் அங்கே மக்கள் கூடிப் பேசுவதற்கு ஓர் இடம் இருக்கும். சிற்றூரில் அஃது ஆலமரத்தடி, நகரத்தில் தெருமுனை, வடசென்னை போன்ற தொழிற்பகுதியில் ஆலைவாயில். இராயபுரத்துத் துறைமுகத் தொழிலாளரும், திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளரும், எண்ணூர் மீனவரும் தத்தம் குறைகளை எடுத்துரைத்த இடங்கள் பெரும்பாலும் இத்தகைய பொது இடங்களே. அங்கே நின்று பேச எவரிடமும் நுழைவுச் சீட்டுப் பெறவேண்டியதில்லை.

இன்றோ நிலைமை வேறு. மணலி புதுநகரில் வாழும் ஒரு மாணவன் தன் தெருவில் வெள்ளம் புகுந்ததை உலகுக்கு அறிவிக்க விரும்பினால் தெருமுனைக்குச் செல்வதில்லை. கைப்பேசியில் படம் பிடித்து முகநூலிலோ, யூடியூபிலோ, எக்ஸ் தளத்திலோ ஏற்றுகின்றான். சில நொடிகளில் அதனை ஆயிரவர் காண்கின்றனர். பெருங்கூட்டம் கூடும் மேடைதான் அது, ஐயமில்லை. ஆனால் அம்மேடை யாருடையது? அது மாநகராட்சியின் தெருவன்று. ஒரு தனியார் நிறுவனத்தின் உடைமை. அந்நிறுவனம் விரும்பினால் அவன் படத்தை முன்னே காட்டலாம். விரும்பாவிடின் பின்னே தள்ளலாம். அடியோடு நீக்கவும் செய்யலாம். அவ்வாறு நீக்கினால் அம்மாணவனின் பேச்சுரிமை பறிக்கப்பட்டதாகுமா? தன் வீட்டுத் திண்ணையில் யார் அமரலாம் என்று வீட்டுக்காரர் முடிவு செய்வது போன்றதுதானா அது? இவ்வினாவையே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

முதலில் சட்டம் கூறுவதைக் காண்போம். நம் அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு குடிமக்கள் அனைவர்க்கும் பேச்சுரிமையையும் கருத்து வெளியிடும் உரிமையையும் வழங்குகின்றது. அவ்வுரிமை எல்லையற்றதன்று. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியமும் ஒழுக்கநெறியும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகிய காரணங்களுக்காக, நியாயமான அளவில், சட்டத்தின் வாயிலாகவே அதற்கு வரம்பு கட்டலாம்.

இவ்வுரிமை குறித்து உச்சநீதிமன்றம் வழங்கிய முதல் தீர்ப்புகளுள் ஒன்று நம் சென்னை மாகாணத்திலிருந்தே எழுந்தது. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் இதழ் சென்னை மாகாணத்திற்குள் வரலாகாது என்று அன்றைய மாகாண அரசு தடை விதித்தது. 1950 மே 26ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒரு கருத்தை வெளியிடும் உரிமையில் அக்கருத்தைப் பரப்பும் உரிமையும் அடங்கும் என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி. பரப்பவிடாமல் தடுத்துவிட்டுப் பேச மட்டும் உரிமை உண்டு என்பது, கடிதம் எழுதலாம், அஞ்சலில் சேர்க்கலாகாது என்பதை ஒக்குமன்றோ?

ஆயினும் ஒன்றை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். அவ்வழக்கில் தடை விதித்தது அரசு. அரசியலமைப்பின் உரிமைகள் பெரும்பாலும் அரசின் கைகளையே கட்டுகின்றன. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் நம் கட்டுரையை வெளியிட மறுத்தால், உரிமை பறிபோயிற்று என்று நாம் நீதிமன்றம் செல்வதில்லை. அது போன்றே, இணையத்தளம் நடத்தும் நிறுவனமும் தனியாரே; தன் மேடையில் எது நிற்கலாம், எது நிற்கலாகாது என்று விதி வகுத்துக்கொள்வது அதன் உரிமை என்பர் ஒரு சாரார். தளத்தில் சேரும்போது அவ்விதிகளுக்கு நாமும் இசைந்தே சேர்கின்றோம். பெரும்பாலோர் அவற்றைப் படிக்காமலே இசைகின்றனர் என்பது வேறு செய்தி.

இவ்வாதத்தில் உண்மை உண்டு; ஆனால் முழு உண்மை இல்லை. தனியார் வலிமையும் மக்களின் வாயை அடைக்க வல்லது என்பதை வடசென்னை நூறு ஆண்டுகட்கு முன்பே அறிந்திருந்தது. 1918 ஏப்ரல் 27ஆம் நாள், பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா அதன் தலைவர், திரு. வி. கலியாணசுந்தரனார் அதற்குத் துணைநின்றவர். பின்னர்ப் பூசல் முற்றியபோது, ஆலை நடத்திய பின்னி நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகியது. வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரிடம் சங்கத் தலைவர்கள் பேசலாகாது என்று தடையாணை பெற்றது. தலைவர்களைப் பேசவிடாமல் செய்தது அரசாணை அன்று. ஒரு நிறுவனம் தன் ஒப்பந்த உரிமையைக் காட்டிப் பெற்ற ஆணை. அவ்வழக்கு நாடெங்கும் எழுப்பிய கவலையின் விளைவாகவே, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. தனியார் உரிமை பொதுமக்களின் குரலை நெரிக்கும் இடத்தில் சட்டம் குறுக்கிட்டு ஒரு நடுவழி காணலாம் என்பதற்கு அஃது ஓர் எடுத்துக்காட்டு.

அமெரிக்க நாட்டிலும் இதே வினா எழுந்ததுண்டு. அலபாமா மாநிலத்தில் சிக்கசா என்றோர் ஊர். வீடுகள், கடைகள், தெருக்கள் யாவும் ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்திற்கே சொந்தம். அவ்வூரின் நடைபாதையில் நின்று சமயத் துண்டறிக்கை வழங்கிய ஒரு பெண்மணி அத்துமீறி நுழைந்தார் என்று தண்டிக்கப்பட்டார். 1946இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. உடைமை தனியாருடையதாயினும், பொதுமக்கள் தாராளமாகப் புழங்குமாறு திறந்துவிடப்பட்ட ஊரில் பேச்சுரிமையை உடைமையாளர் தம் விருப்பப்படி மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் கருத்து. ஆனால் 1972இல், பெரிய வணிக வளாகம் ஒன்றுக்கு இவ்விதி பொருந்தாது என்று அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் கூறியது. 2024இல் சமூக வலைத்தளங்கள் பற்றிய வழக்கில், பிறர் பதிவுகளைத் தேர்ந்து அடுக்கித் தருவது ஓர் ஆசிரியரின் பணியைப் போன்றது என்றும், அதில் அரசு தன் விருப்பத்தைத் திணிக்க முயல்வது ஐயத்திற்குரியது என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். இந்தியாவில், 2023 சனவரி 3ஆம் நாள் கௌசல் கிஷோர் வழக்கில், 19ஆம் உறுப்பின் உரிமையை அரசல்லாதார்க்கு எதிராகவும் வலியுறுத்த முடியும் என்று நம் உச்சநீதிமன்றப் பெரும்பான்மை கூறியது. அவ்வழக்கு வலைத்தளங்களைப் பற்றியதன்று. எனினும் அக்கூற்று ஒரு கதவைத் திறந்து வைத்துள்ளது.

சட்ட நுணுக்கம் இவ்வளவில் நிற்க. நீக்குதல் என்பதே தீமையா? அன்று. நீக்காமல் விட்டால் நேரும் கேட்டையும் நாம் காணவேண்டும்.

2023 மார்ச்சுத் திங்களின் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சில காணொளிகள் வலைத்தளங்களில் பரவின. அவற்றுள் பல, வேறிடங்களில் வேறு காரணங்களால் நிகழ்ந்தவை, தமிழ்நாட்டிற்குத் தொடர்பற்றவை. தமிழ்நாட்டுக் காவல்துறை அவற்றைப் பொய்யென்று மறுத்தது. பீகார் அரசு ஒரு குழுவையே நேரில் அனுப்பி உண்மையை அறிய முற்பட்டது. அதற்குள் அச்சம் பரவிவிட்டது. ஊர் திரும்ப விரைந்தோரும் உண்டு. மணலி, எண்ணூர் போன்ற பகுதிகளில் வட மாநிலத்தவர் பலர் தமிழ்த் தொழிலாளரோடு ஒன்றாக உழைக்கின்றனர். தொலைவில் எவரோ ஏற்றிய ஒரு பொய்ப்படம், இவ்விரு சாராரிடையே பகை மூட்ட எத்துணை நேரமாகும்?

இலங்கையில் இதனினும் கொடியது நேர்ந்தது. உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்படுகின்றது என்னும் பொய் வதந்தி 2018 பிப்பிரவரியில் அம்பாறையில் முசுலிம்கள் மீது வன்முறையாக வெடித்தது. அடுத்த திங்களே கண்டி மாவட்டத்தின் திகன முதலிய இடங்களில் முசுலிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்புரைகள் முகநூலில் பெருகின. இலங்கை அரசு சில நாள்கள் அத்தளங்களையே முடக்கியது. தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு 2020 மே திங்களில் முகநூல் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. அந்நாட்டு மொழியறிந்த ஆய்வாளர் போதிய அளவில் இல்லாமை அன்று பெரிதும் குறைகூறப்பட்டது. ஆகவே, எதனையும் நீக்கலாகாது என்னும் கொள்கை, எளியோரின் உயிரைப் பணயம் வைத்துப் பெறும் உரிமையாகிவிடும்.

இனி, மறுபக்கத்தைக் காண்போம். அதே 2023ஆம் ஆண்டு திசம்பரில் மிக்சாம் புயல் சென்னையை வெள்ளக்காடாக்கியது. மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் சுத்திகரிப்பு வளாகத்திலிருந்து எண்ணெய் வெள்ளநீரோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கொசத்தலையாற்றையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் அடைந்தது. மீனவரின் படகுகளும் வலைகளும் கருநிறம் பூண்டன. அலையாத்தி மரங்களில் எண்ணெய் படிந்தது. கூழைக்கடாக்கள் எண்ணெய் தோய்ந்து நின்றன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து இதனை விசாரித்தது. அதே திங்கள் 26ஆம் நாள் நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினர். இந்நிகழ்ச்சிகளை நாட்டின் பார்வைக்குக் கொணர்ந்ததில் செய்தித்தாள்களோடு, அவ்வூர் மக்கள் தம் கைப்பேசிகளில் எடுத்து வெளியிட்ட படங்களுக்கும் பங்கு உண்டு.

இப்போது எண்ணிப் பாருங்கள். எண்ணெய் தோய்ந்து துடிக்கும் பறவையின் படம். மூச்சுத் திணறும் குழந்தையின் படம். சினம் மிகுந்த ஒரு மூதாட்டியின் வசைச்சொற்கள். இவற்றை ஓர் இயந்திரம் ஆராய்ந்தால் எவ்வாறு பொருள் கொள்ளும்? பறவையின் படத்தை உயிர்வதை என்றும், குழந்தையின் படத்தைக் கொடுங்காட்சி என்றும், மூதாட்டியின் சொற்களை வெறுப்புரை என்றும் கொள்ளக்கூடுமன்றோ? ஒரு நாளில் உலகெங்கும் ஏறும் பதிவுகளை மனிதர் அமர்ந்து படித்து முடிக்க இயலாது. ஆகவே முதற்சல்லடை பெரும்பாலும் கணினியே. அக்கணினி ஆங்கிலத்தில் பெற்ற பயிற்சி மிகுதி. தமிழில் பெற்றது குறைவு. அதிலும் வடசென்னைத் தமிழின் உரிமைச் சொற்களையும் கேலியையும் அது எவ்வாறு உணரும்? நண்பனை அன்போடு விளிக்கும் சொல்லும் பகைவனை இகழும் சொல்லும் அங்கே ஒன்றாகவே இருப்பதுண்டு. தொனியைக் கொண்டே பொருள் காணவேண்டும்.

இவ்வச்சம் வெறும் கற்பனையன்று. 1936இல் செருமனியின் ஆம்பர்க்குக் கப்பல் கட்டும் துறையில் எடுத்த ஒரு படம் புகழ்பெற்றது. கூட்டம் முழுவதும் நாசி முறையில் கைநீட்டி வணங்க, ஒரே ஒரு தொழிலாளி கைகட்டி நிற்கும் காட்சி அது. கொடுங்கோன்மைக்குத் தலைவணங்காமைக்கு அஃது ஒரு சின்னம். அப்படத்தை முகப்பில் வைத்திருந்த மூத்த வழக்கறிஞர் சஞ்சய் எக்டேயின் கணக்கை 2019இல் டுவிட்டர் நிறுவனம் முடக்கியது. வெறுப்பைக் காட்டும் படம் என்பதே காரணம்! அவர் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடவேண்டியதாயிற்று. பெயர்பெற்ற வழக்கறிஞருக்கே இந்நிலை என்றால், எண்ணூர்க் குப்பத்து மீனவரின் கணக்கு முடங்கினால் அவர் யாரிடம் செல்வார்?

நீக்குதல் மட்டுமே இந்நிறுவனங்களின் கருவியன்று. பதிவை அழிக்காமலே அது பலர் கண்ணில் படாதவாறு செய்யலாம். எச்சரிக்கைக் குறிப்பு ஒட்டலாம். விளம்பர வருவாயை நிறுத்தலாம். கணக்கைச் சில நாள் முடக்கலாம். இவற்றுள் முதலாவது நுட்பமானது. பேசியவனுக்குத் தான் பேசியது எவர் செவியிலும் விழவில்லை என்பதே தெரியாது. ஒலிபெருக்கியைப் பிடுங்குவது ஒரு வகை. அவனறியாமல் அதன் கம்பியைத் துண்டிப்பது மற்றொரு வகை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நிறுவனத்தின் கைக்குப் பின்னால் சிலபோது அரசின் கை இருக்கும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிறர் பேச்சைக் கொண்டு செல்லும் இந்நிறுவனங்களுக்கு 79ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்பு அளிக்கின்றது. கடமைகளை ஒழுங்காகச் செய்தால், பிறர் ஏற்றிய பதிவுக்காக அவை தண்டனைக்கு ஆளாகா. அஞ்சல்காரர் கொணரும் கடிதத்தின் குற்றம் அஞ்சல்காரரைச் சாராது என்பது போன்றது இது. இப்பாதுகாப்பை இழக்க நேரிடும் என்று அஞ்சும் நிறுவனம் என்ன செய்யும்? ஐயத்திற்கிடமான யாவற்றையும் நீக்கிவிடும். ஒரு பதிவை நீக்காவிட்டால் அதற்கு வழக்கு வரலாம்; நீக்கினால் வருந்துபவர் ஊர்பேர் தெரியாத ஒருவர் மட்டுமே. எது எளிது என்று வணிகர் கணக்கிடுவது இயல்பு.

இதனை உணர்ந்தே, 2015 மார்ச்சு 24ஆம் நாள் சிரேயா சிங்கால் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு வரம்பு கட்டியது. எவரேனும் ஒருவர் முறையிட்டார் என்பதற்காக நிறுவனம் நீக்கவேண்டுவதில்லை. நீதிமன்ற ஆணையோ, உரிய அரசு அறிவிப்போ வந்தபின் நீக்காவிட்டால்தான் அது பொறுப்பாகும் என்றது. அதே தீர்ப்பில், 'தொல்லை தரும்' செய்தி அனுப்பியோரைச் சிறையிட வழிவகுத்த 66அ பிரிவு செல்லாது என்றும் அறிவித்தது. எது தொல்லை என்பதற்கு அளவுகோல் இல்லாத சட்டம், பேசுவோர் அனைவரையும் அஞ்சவைக்கும் சட்டமாகும் என்பது அதன் காரணம்.

இணையத்தளங்களை முடக்க ஆணையிடும் அதிகாரத்தை அதே சட்டத்தின் 69அ பிரிவு நடுவண் அரசுக்கு அளிக்கின்றது. 2025 பிப்பிரவரியில், ஒரு கேலிச்சித்திரம் வெளிவந்ததை அடுத்து, விகடன் இணையத்தளம் முழுவதுமே நாட்டில் காண இயலாதவாறு முடங்கியது. மார்ச்சு 6ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம், அச்சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டுத் தளத்தை மீண்டும் திறக்க இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஒரு பக்கத்தின் பொருட்டு நூல் நிலையத்தையே பூட்டுவது முறையா என்பது அங்கே எழுந்த வினா. அளவறிந்து செய்தல் என்னும் நெறி, அரசுக்கும் உண்டு, தனியார் நிறுவனத்திற்கும் உண்டு.

அங்ஙனமாயின் நடுவழி யாது? நீக்கும் அதிகாரம் இருக்கட்டும். அது கேள்விக்கு அப்பாற்பட்டதாக இருத்தல் ஆகாது. நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் இயற்கை நீதியின் விதிகள் இங்கும் வழிகாட்டும். விதி முன்னரே தெரிந்திருக்கவேண்டும். அது தமிழில் படித்துப் புரிந்துகொள்ளத் தக்கதாக இருக்கவேண்டும். எவ்விதியை மீறியதற்காக நீக்கினோம் என்று காரணம் கூறவேண்டும். மறுப்புரைக்க வாய்ப்பளிக்கவேண்டும். முதலில் முடிவு செய்தவரல்லாத வேறொருவர், மொழியும் ஊரும் அறிந்தவர், மேல்முறையீட்டைக் கேட்கவேண்டும்.

இவற்றுட் சில ஏற்கெனவே ஏட்டில் உள்ளன. 2021இல் வகுக்கப்பட்ட விதிகள், ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை அமர்த்தவேண்டும் என்றன. 50 இலட்சத்திற்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட பெரிய தளங்கள், தாமாக ஒரு பதிவை நீக்குமுன் பதிவிட்டவருக்குக் காரணத்துடன் அறிவிப்புத் தந்து, மறுக்கவும் வாய்ப்பளிக்கவேண்டும் என்றன. 2022இல் வந்த திருத்தம், அலுவலரின் முடிவில் நிறைவுறாதவர் முறையிட மேல்முறையீட்டுக் குழுக்களை ஏற்படுத்தியது; 2023 சனவரியில் மூன்று குழுக்கள் அமைந்தன. இக்குழுக்களை நடுவண் அரசே அமைப்பதால், அரசைக் குறைகூறும் பேச்சுக்கு அங்கே முழு நீதி கிடைக்குமா என்று வினவுவோரும் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. தனியாரின் தனியாட்சிக்கு மாற்று அரசின் தனியாட்சி ஆகாது. எவர் சார்பும் இல்லாத நடுவர் வேண்டும் என்பதே கோரிக்கை.

மாணவ நண்பர்களே, உங்கள் பங்கும் இதில் உண்டு. 2021 நவம்பரில் கொசத்தலையாறு பெருகி மணலி புதுநகரில் வெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய நாளில் 'பூண்டி ஏரியிலிருந்து நீர் திறக்கின்றனர்' என்னும் மெய்ச்செய்தி உயிர் காக்கும். 'ஏரி உடைந்தது' என்னும் பொய்ச்செய்தி உயிர் குடிக்கும். இரண்டும் ஒரே கைப்பேசியில், ஒரே உருவில் வந்து சேரும். இவற்றைப் பிரித்தறிய எந்த நிறுவனத்தின் இயந்திரத்தையும்விட அவ்வூரில் வாழும் நீங்களே தகுதி வாய்ந்தவர்கள். வந்ததை உடனே பிறர்க்கு அனுப்பாமல் ஒரு கணம் நின்று, எங்கிருந்து வந்தது, எந்நாள் எடுத்தது என்று வினவுங்கள். நீங்கள் எடுக்கும் படத்தில் இடத்தையும் நாளையும் நேரத்தையும் குறியுங்கள். மூலப்படத்தை அழியாது காத்து வையுங்கள். உண்மையான பதிவு நீக்கப்பட்டால் சோர்ந்துவிடாமல், காரணம் கேட்டு எழுத்தில் முறையிடுங்கள். அதே செய்தியை நாளிதழுக்கும், வார்டு உறுப்பினருக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் அனுப்புங்கள். ஒரே ஒரு மேடையை நம்பி நிற்கும் ஊர், அம்மேடை உடைமையாளரின் தயவை நம்பி நிற்கும் ஊராகிவிடும்.

பேச்சுரிமை என்பது பேசுபவனுக்கு மட்டும் உரியதன்று, கேட்பவனுக்கும் உரியது. எண்ணூரில் எண்ணெய் பரவியதை அறியும் உரிமை சென்னை மக்கள் அனைவர்க்கும் உண்டு. பொய்ப்படத்தால் அஞ்சாமல் வாழும் உரிமை பீகார்த் தொழிலாளிக்கும் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே காக்கும் ஒழுங்கை உருவாக்குவது எளிதன்று. ஆனால் அவ்வொழுங்கை எங்கோ அமர்ந்துள்ள சில நிறுவனங்களின் விருப்பத்திற்கோ, ஆட்சியில் இருப்போரின் விருப்பத்திற்கோ விட்டுவிடுதல் தகாது. ஆலைவாயிலில் பேசும் உரிமையைத் தொழிலாளர் கேட்டுப் பெற்றனர். தானாக அது வரவில்லை. இந்தப் புதிய மேடையிலும் முறையான விதியையும், காரணத்தையும், மேல்முறையீட்டையும் நாம் கேட்டே பெறவேண்டும்.